தூள் மருந்தைக் கரைத்து ஊசி போட வேண்டுமா? முதலில் கணக்கு

டாக்டர் சீட்டில் “0.5 மி.கி., தினமும் இரவு” என்று எழுதியிருக்கிறார். குப்பியின் மேல் “12 ஐ.யு.” என்று அச்சடித்திருக்கிறது. சிரிஞ்சில் 10, 20, 30 என்று எண்கள் ஓடுகின்றன. கூடவே ஒரு சின்ன ஆம்பியூலில் 2 மி.லி. நீர். இத்தனையையும் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, “அண்ணா, இப்ப எதுவரைக்கும் இழுக்கணும்?” என்று கடைக்குப் போன் செய்பவர்கள் நிறைய. சென்னையில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பழக்கம். கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். கேட்காமல் குத்துமதிப்பாக இழுப்பதுதான் ஆபத்து.

குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் போடும் பெற்றோர், கருத்தரிப்பு சிகிச்சையில் இருக்கும் தம்பதிகள், புதிதாக இன்சுலின் தொடங்குபவர்கள், எடைக் குறைப்பு ஊசிக்கு மாறியவர்கள் என்று வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். இவற்றில் பெரும்பாலானவை பெப்டைடு வகை மருந்துகள், அதாவது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோர்த்தவை. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், வளர்ச்சி ஹார்மோனில் 191. மாத்திரையாக விழுங்கினால் வயிறு இவற்றைச் சாப்பாட்டைப் போலவே செரித்துவிடும் என்பதால்தான் ஊசி. நீரில் கரைந்த நிலையில் சில மருந்துகள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் அவற்றை உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சி, தூளாகக் குப்பியில் அடைக்கிறார்கள். அதைக் கரைக்கும் வேலை நம் கைக்கு வருகிறது.

இந்தக் கட்டுரை டாக்டர் எழுதிக்கொடுத்து, உரிமம் உள்ள கடையில் பில் போட்டு வாங்கிய மருந்துக்கானது. ஜிம்மில் கைமாறும் குப்பிகளைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி

உங்கள் சிரிஞ்சில் ஒரு கோடு அளவு இழுத்தால் எவ்வளவு மருந்து வரும்? இதற்கு வாய்விட்டுப் பதில் சொல்ல முடிகிற வரை ஊசியைத் தோலில் வைக்காதீர்கள். பதில் சொல்ல மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: குப்பியில் மொத்தம் எவ்வளவு மருந்து, அதில் எவ்வளவு நீர் சேர்த்தீர்கள், எந்த வகை சிரிஞ்சு.

மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அது வளர்ச்சி ஹார்மோன் குப்பி. அந்த மருந்தில் 1 மி.கி. என்பது 3 ஐ.யு. (மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு). ஆகவே 12 ஐ.யு. குப்பியில் 4 மி.கி. இருக்கிறது. 2 மி.லி. நீர் சேர்க்கிறோம். 4-ஐ 2-ஆல் வகுத்தால், ஒவ்வொரு மி.லி.யிலும் 2 மி.கி. இதுதான் செறிவு. நமக்கு வேண்டியது 0.5 மி.கி. 0.5-ஐ 2-ஆல் வகுத்தால் 0.25. ஆக, இழுக்க வேண்டியது 0.25 மி.லி. இவ்வளவுதான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் போட்ட வகுத்தல்தான்.

நீரைக் கூட்டினால் மருந்து கூடாது, குறையவும் செய்யாது. குப்பிக்குள் இருப்பது அதே 4 மி.கி.தான். செறிவு மட்டும் மாறும். அதே குப்பியில் தவறுதலாக 1 மி.லி. மட்டும் சேர்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் 0.25 மி.லி. இழுத்தால் இரண்டு மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். அதனால் எவ்வளவு நீர் என்பதை நம் வசதிக்கு மாற்றக் கூடாது. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ளபடியோ டாக்டர் சொன்னபடியோதான் சேர்க்க வேண்டும். “கரைத்தபின் ஒரு மி.லி.யில் இவ்வளவு” என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தூளும் கொஞ்சம் இடம் பிடிக்கும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் கம்பெனி அந்த எண்ணைப் போட்டிருக்கும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நான் யாரிடமும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. குப்பியில் 4 மி.கி., ஒரு வேளைக்கு 0.5 மி.கி. என்றால் 8 வேளை வர வேண்டும். இன்னொரு பக்கம், நீர் 2 மி.லி., ஒரு வேளைக்கு 0.25 மி.லி.; அதுவும் 8 வேளை. இரண்டு விடையும் ஒத்துப்போனால் கணக்கு சரி. ஒரு விடை 8 என்றும் இன்னொன்று 80 என்றும் வந்தால் எங்கோ புள்ளி நழுவியிருக்கிறது. போடத் தொடங்கிய பிறகும் இது உதவும். 8 நாள் வர வேண்டிய குப்பி ஐந்தே நாளில் காலியானால், மருந்து சிந்தியிருக்க வேண்டும் அல்லது தினமும் கூடுதலாகப் போயிருக்க வேண்டும். 8 நாள் தாண்டியும் பாதி மிச்சம் என்றால் குழந்தைக்குப் போக வேண்டிய மருந்து போகவில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள். (கடைசித் துளிவரை இழுக்க முடியாது என்பதால் ஒரு சிறு குறைவு சகஜம்.)

புள்ளி நழுவுவது என்றேன் அல்லவா, அது பத்து மடங்குத் தவறு. வீட்டில் நோட்டில் எழுதும்போது .5 என்று எழுதாதீர்கள். புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். 0.5 என்று முன்னால் பூஜ்யம் போடுங்கள். 5.0 என்றும் எழுத வேண்டாம், 50 என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் குழம்பினால் தவறு ஆயிரம் மடங்கு. 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். ஆக்ட்ரியோடைடு ஊசி ஒரு மி.லி.யில் 50 மைக்ரோகிராம், 100 மைக்ரோகிராம் என்ற அளவுகளில் வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்கான டெரிபாரடைடு ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம். இவற்றை மில்லிகிராம் என்று படித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டாக்டரின் கையெழுத்து புரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். “மில்லிகிராமா மைக்ரோகிராமா, முழுசா எழுதிக் கொடுங்க சார்” என்று கேட்டு வாங்குங்கள். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சிரிஞ்சுதான் காலை வாரும்

சரி, 0.25 மி.லி. என்று விடை வந்துவிட்டது. ஆனால் இன்சுலின் சிரிஞ்சின் உடம்பில் மி.லி. எழுதியிருக்காது, யூனிட்தான் இருக்கும். நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு பக்கத்துப் பக்கத்தில் விற்பனையாவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

யு-40 என்பது ஒரு மி.லி.யை 40 பங்காகப் பிரித்தது. அதன் மூடி சிவப்பு. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட் என்பதால் இந்தச் சிரிஞ்சு எல்லாக் கடையிலும் கிடைக்கும். யு-100 என்பது ஒரு மி.லி.யை 100 பங்காகப் பிரித்தது. அதன் மூடி ஆரஞ்சு. பேனாவில் போடும் இன்சுலின் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் மி.லி.க்கு 100 யூனிட். ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு மூடியையும் ஆரஞ்சு மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் நிறத்தை நம்பாதீர்கள். சிரிஞ்சின் உடம்பில் யு-40 அல்லது யு-100 என்று அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடைகளில் டப்பாவாக வாங்குபவர்கள் டப்பாவின் மேலும் பார்க்க வேண்டும், உள்ளே ஒன்றைப் பிரித்து அதன் மேலும் பார்க்க வேண்டும்.

நம் 0.25 மி.லி.யை யு-100 சிரிஞ்சில் இழுக்க 100-ஆல் பெருக்குங்கள்: 25 என்ற எண். யு-40 சிரிஞ்சில் என்றால் 40-ஆல் பெருக்குங்கள்: 10 என்ற எண். இப்போது மாற்றிப் பாருங்கள். யு-100 என்று நினைத்து யு-40 சிரிஞ்சில் 25 வரை இழுத்தால் 0.625 மி.லி. வந்துவிடும். 0.5 மி.கி. போக வேண்டிய குழந்தைக்கு 1.25 மி.கி., இரண்டரை மடங்கு. எதிர்ப்பக்கம் மாறினால் 10 என்ற எண்ணில் 0.1 மி.லி.தான் வரும், வெறும் 0.2 மி.கி.

இன்சுலினில் இது உயிருக்கே ஆபத்து. பேனாவின் ரீஃபில் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சை விட்டு இழுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பேனா கெட்டுப்போனது, மருந்தை வீணாக்க வேண்டாம் என்ற எண்ணம்தான். 20 யூனிட் வேண்டியவர் யு-40 சிரிஞ்சில் 20 என்ற எண் வரை கார்ட்ரிட்ஜிலிருந்து இழுத்தால் அதில் இருப்பது 50 யூனிட். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி மயக்கமாகிவிடலாம். பேனா கெட்டால் புதுப் பேனா வாங்குங்கள். கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சை விடவே வேண்டாம்.

இன்னொரு பொறி கோடுகளில் இருக்கிறது. யு-100 வகையில் 1 மி.லி. சிரிஞ்சு, 0.5 மி.லி. சிரிஞ்சு, 0.3 மி.லி. சிரிஞ்சு என்று மூன்று அளவு உண்டு. 1 மி.லி. சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு பெரும்பாலும் 2 யூனிட். 0.5 மி.லி. சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிட். 0.3 மி.லி. சிரிஞ்சுகளில் சிலவற்றில் அரை யூனிட் கோடும் இருக்கும். 20-லிருந்து ஐந்து கோடு எண்ணினால் 25 என்று நினைத்துக்கொண்டு 1 மி.லி. சிரிஞ்சில் இழுத்தால் நீங்கள் நிற்பது 30-இல். இரண்டு பெரிய எண்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று முதலில் எண்ணுங்கள். 10-க்கும் 20-க்கும் நடுவில் ஐந்து இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் 2, பத்து இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் 1. நம் உதாரணத்தில் 25 வேண்டும் என்பதால் 1 மி.லி. சிரிஞ்சில் அது 24-க்கும் 26-க்கும் நடுவே கோடில்லாத இடத்தில் விழும். 0.5 மி.லி. சிரிஞ்சு வாங்கிவிட்டால் சரியாக ஒரு கோட்டின் மேலேயே நிற்கும்.

மி.லி.யிலேயே குறித்திருக்கும் டியூபர்குலின் சிரிஞ்சும் உண்டு. அதில் ஒரு கோடு 0.01 மி.லி. பெருக்கும் வேலையே இல்லை என்பதால் கணக்கில் தயங்குபவர்களுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் ஊசி தனியாகக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் அதன் கழுத்தில் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். பல வேளைக்கு வர வேண்டிய விலையுயர்ந்த மருந்து என்றால் ஊசியும் சிரிஞ்சும் ஒன்றாக இணைந்த வகை நல்லது. எதைப் பழகினாலும் கடைசிவரை அதே வகையில் இருங்கள். கடையில் “அது ஸ்டாக் இல்ல, இது எடுத்துக்கோங்க, ஒண்ணுதான்” என்று சொன்னால் வாங்காதீர்கள். ஒன்று இல்லை.

ஐ.யு. வேறு, சிரிஞ்சின் யூனிட் வேறு

ஐ.யு. என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் அளவுகோல் தனி. சிரிஞ்சில் உள்ள யூனிட் இன்சுலினுக்காகப் போட்டது. மற்ற எந்த மருந்துக்கும் அது கொள்ளளவைக் காட்டும் எண் மட்டும்தான். வளர்ச்சி ஹார்மோனை டாக்டர் “1.5 ஐ.யு.” என்று எழுதினால் சிரிஞ்சில் 1.5 வரை இழுப்பதல்ல. 12 ஐ.யு.வை 2 மி.லி.யில் கரைத்தால் மி.லி.க்கு 6 ஐ.யு.; 1.5-ஐ 6-ஆல் வகுத்தால் அதே 0.25 மி.லி. வழி மாறினாலும் விடை மாறவில்லை பாருங்கள், இதுவும் ஒரு சரிபார்ப்பு.

கருத்தரிப்பு சிகிச்சையில் கருமுட்டை வளர்வதற்காகப் போடும் எச்.எம்.ஜி. ஊசி 75 ஐ.யு. குப்பியாக வரும். 150 என்று எழுதியிருந்தால் இரண்டு குப்பி. பல சமயம் ஒரே 1 மி.லி. நீரால் முதல் குப்பியைக் கரைத்து, அதை அப்படியே இழுத்து, அதைக்கொண்டே இரண்டாம் குப்பியையும் கரைத்து முழுவதையும் போடச் சொல்வார்கள். பகுதியாகப் பிரிக்கும் கணக்கு இங்கே இல்லை, குப்பியின் எண்ணிக்கை தவறாமல் இருந்தால் போதும். காலிக் குப்பிகளை ஊசி போட்டு முடிக்கும்வரை தூக்கிப் போடாமல் வரிசையாக வையுங்கள், எண்ணிக்கை கண்ணுக்கே தெரியும். முட்டை எடுப்பதற்கு முன் போடும் எச்.சி.ஜி. ஊசியில் அளவைப்போல நேரமும் முக்கியம். வழக்கமாக 34 முதல் 36 மணி நேரத்துக்கு முன்பு என்று கணக்கிட்டு நர்ஸ் ஒரு நேரம் சொல்வார். இரவு பதினொன்றரை என்றால் பதினொன்றரைதான்.

எடைக் குறைப்புக்கும் சர்க்கரைக்கும் போடும் டிர்செபடைடு 2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் குப்பியாகவே வந்தது. 2.5 மி.கி. ஆனாலும் 5 மி.கி. ஆனாலும் 0.5 மி.லி. கரைசல், ஒரே வேளைக்கு. கரைக்கவும் வேண்டாம், பிரிக்கவும் கூடாது. விலையைப் பார்த்து 5 மி.கி. குப்பியை இரண்டு வாரத்துக்குப் பங்கிடலாமா என்று கேட்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வேளைக் குப்பியில் கிருமியைத் தடுக்கும் சேர்மானம் இருக்காது. ஒரு முறை குத்திய குப்பியை ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி குத்துவது நல்லதில்லை. அமெரிக்காவில் செமாகுளூடைடு என்ற இன்னொரு எடைக் குறைப்பு மருந்தைப் பல வேளைக் குப்பியாகக் கலந்து விற்ற மருந்துகளில், மி.கி., மி.லி., யூனிட் மூன்றும் குழம்பி, சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள் என்று 2024 ஜூலையில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சிலர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. அந்தத் தவறும் இந்த ஒரு கோட்டுக் கணக்குத்தான்.

கரைக்கும் நேரம்

கை கழுவி, ஃபேனை நிறுத்தி, துடைத்த மேசையில் உட்காருங்கள். குப்பியின் பெயர், அளவு, காலாவதி தேதி மூன்றையும் சத்தமாகப் படியுங்கள். வீட்டில் இன்னொருவர் சீட்டை வைத்துக்கொண்டு சரிபார்த்தால் இன்னும் நல்லது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து இதைச் செய்யும் வீடுகளை எனக்குத் தெரியும். ஒருவர் படிக்க, ஒருவர் இழுக்க, தவறுக்கு இடமே இல்லை.

நீர் விஷயத்தில் விளையாட்டே கூடாது. கூடவே வந்த ஆம்பியூல் அல்லது தாளில் சொன்ன ஊசிக்கான ஸ்டெரைல் வாட்டர் மட்டும்தான். கடைக்காரரும் நர்ஸும் பேச்சுவழக்கில் டிஸ்டில்டு வாட்டர் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை எடுத்துவிடக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும், கேன் தண்ணீரும், ஆர்.ஓ. தண்ணீரும் ஆகவே ஆகாது. சில மருந்துக்குப் பென்ஸைல் ஆல்கஹால் 0.9% சேர்த்த, கிருமி வளராமல் தடுக்கும் பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர் வரும். பல நாள் வைத்துப் போடுவதற்காக அந்தச் சேர்மானம்; எட்டு நாள் வரும் நம் உதாரணக் குப்பிக்கும் சேர்மானம் உள்ள நீர்தான். பச்சிளங்குழந்தைகளுக்கு அது ஆகாது. சேர்மானம் இல்லாத வெறும் ஸ்டெரைல் வாட்டரில் கரைத்ததைப் பொதுவாக அந்த வேளையோடு முடித்துவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்பதற்கு உள்ளே இருக்கும் தாள்தான் கடைசி வார்த்தை.

குப்பியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சாம்பல் நிற ரப்பர் தெரியும். மூடி இருந்ததால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்காமல் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, தானாகக் காயவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள். நீரை இழுக்க ஒரு சாதாரண 2 மி.லி. சிரிஞ்சு, ஊசி போட இன்சுலின் சிரிஞ்சு என்று இரண்டு தேவைப்படும். நீரை இழுத்தவுடன் 2 மி.லி. கோட்டில் நிற்கிறதா என்று கண்மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும், நேரே பார்த்தால் ஒன்று. பிஸ்டனின் கறுப்பு ரப்பரில் ஊசிப் பக்கமாக இருக்கும் வளையத்தின் விளிம்புதான் அளவு. நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் முனையும் அளவு இல்லை, பின்பக்க வளையமும் இல்லை.

ரப்பரின் நடுவே ஊசியைச் செருகி, குப்பியைக் கொஞ்சம் சாய்த்து, நீரைக் கண்ணாடிச் சுவரில் வழிந்து இறங்குமாறு மெதுவாக விடுங்கள். தூளின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். சில குப்பிகளுக்குள் வெற்றிடம் இருப்பதால் நீரை அதுவே இழுக்கப் பார்க்கும். பிஸ்டனைக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை மெல்ல உருட்டுங்கள். குலுக்கக் கூடாது. இருமல் சிரப்பைக் குலுக்கும் பழக்கத்தில் கை தானாகவே குலுக்கப் போகும், கவனம். குலுக்கினால் நுரை வரும். நுரையில் அந்த மூலக்கூறுகள் உருக்குலைந்துபோகும், அளவும் சரியாக இழுக்க வராது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்த நீராக வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது கலங்கலோ மிதக்கும் துணுக்கோ இருந்தால், தாளில் அது இயல்பு என்று சொல்லியிருந்தாலொழிய, போடாதீர்கள். பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

அப்புறம் ஒரு சின்ன ஸ்டிக்கர். பால்பாயின்ட் பேனாவால் இப்படி எழுதி குப்பியில் ஒட்டுங்கள்: கரைத்த தேதி, நேரம், “2 மி.லி. நீர், 1 மி.லி.யில் 2 மி.கி.; ஒரு வேளை 0.25 மி.லி.; யு-100 சிரிஞ்சில் 25”. நீங்கள் ஊரில் இல்லாத அன்று கணவரோ அக்காவோ ஊசி போட நேர்ந்தால் இந்த ஒரு வரிதான் துணை.

ஊசிக்கு இழுக்கும்போது முதலில் அதே அளவு காற்றைக் குப்பிக்குள் விட்டு, தலைகீழாகக் கவிழ்த்து, வேண்டியதைவிடச் சற்றுக் கூட இழுத்து, சிரிஞ்சை விரலால் தட்டி, குமிழை மேலேற்றி வெளியே தள்ளி, கோட்டில் நிறுத்துங்கள். தோலுக்கடியில் போகும் சின்னக் குமிழால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 25 கோட்டில் 4 கோடு குமிழ் என்றால் மருந்து 21 கோடுதான். வயிறு என்றால் தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி. தொடை என்றால் வெளிப்பக்கம். தினமும் இடம் மாற்றுங்கள். தோலுக்கடியிலா தசையிலா என்பது மருந்துக்கு மருந்து மாறும். முதல் ஊசியையாவது நர்ஸ் பக்கத்தில் இருக்க நீங்களே போட்டுப் பழகுங்கள். பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் செய்வது வேறு.

சென்னை வெயிலும் ஃப்ரிட்ஜும்

இவ்வகை மருந்துகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கத்திரி வெயிலில் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் அரைமணி நேரமே சோதனைதான். ஸ்கூட்டர் டிக்கியில் போடாதீர்கள், அங்கே சூடு வெளியைவிடக் கூட. ஐஸ் ஜெல்லோடு கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் குப்பி ஐஸை நேராகத் தொடாமல் நடுவில் துணியோ காகிதமோ இருக்கட்டும். உறைந்துபோன மருந்து பிறகு உருகினாலும் கெட்டதுதான். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் தட்டும், அடிக்கடி திறந்து மூடும் கதவும் வேண்டாம். நடுத்தட்டில் ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை அதற்குள் போட்டுவைத்தால் சந்தேகமே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். மழைக்காலம் தொடங்கும்போதே ஃப்ரீசரில் இரண்டு மூன்று ஜெல் பேக், ஒரு தெர்மாகோல் பெட்டி தயாராக வையுங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். திறந்து பயன்படுத்தும் இன்சுலின் சில வாரம் அறை வெப்பத்தில் தாங்கும் என்பதால் மண்பானை உதவும். கரைத்துவைத்த தூள் மருந்துக்கு மண்பானைக் குளிர்ச்சி போதாது. நீண்ட நேரம் சூடானது என்றால் கம்பெனியின் உதவி எண்ணிலோ டாக்டரிடமோ கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

ஜிம்மில் கைமாறும் குப்பிகள்

காயம் ஆறும், சதை ஏறும், கொழுப்பு கரையும் என்று சொல்லி, “ஆய்வுக்கு மட்டும்” என்ற ஒட்டுச்சீட்டோடு இணையத்திலும் ஜிம்களிலும் பெப்டைடு குப்பிகள் விற்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு அளவு கேட்டு வரும் தம்பிகளுக்கு நான் அளவு சொல்வதில்லை. கோபத்தில் அல்ல. மேலே போட்ட கணக்கு எல்லாமே குப்பியின் மேல் எழுதியிருக்கும் மி.கி. உண்மை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்தக் குப்பியில் 5 மி.கி. என்று எழுதியிருந்தால் உள்ளே 3 இருக்கிறதா, 8 இருக்கிறதா, வேறு பொருளா, கிருமி இருக்கிறதா என்று சொல்ல யாரும் இல்லை. இப்படி விற்கும் பிபிசி-157 போன்ற பெப்டைடுகளை மனிதர்களுக்கு இவ்வளவு போடலாம் என்று எந்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அளவு நிர்ணயித்து அனுமதிக்கவில்லை. போட்டிகளில் ஓடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் பிபிசி-157-ஐத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் என்றால் நிறுத்திவிட்டு ஒரு டாக்டரிடம் பெயரோடு உண்மையைச் சொல்லுங்கள். அவர் போலீஸ் இல்லை. நண்பனின் சிரிஞ்சையோ குப்பியையோ பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம்.

அளவு தவறிவிட்டால்

கூடப் போய்விட்டது என்று தெரிந்தவுடன் நேரத்தையும் எவ்வளவு போனது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரை அழையுங்கள். இன்சுலின் என்றால் உடனே சர்க்கரை பார்த்து, விழித்திருப்பவருக்கு இனிப்பு கொடுத்துவிட்டு அழையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்குப் போன் செய்யுங்கள். உதடு, முகம் வீங்கினாலும் மூச்சு இழுத்தாலும் 108 தான். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104-இல் ஆலோசனை கிடைக்கும். குறைவாகப் போய்விட்டது என்றால் மறுபடி ஒரு ஊசி போட்டு ஈடுகட்ட வேண்டாம். நேற்று விட்டதையும் இன்று சேர்த்துப் போட வேண்டாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஊசியை எங்கே போடுவது

ஒரு முறை குத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடப் போய்த்தான் பலர் விரலில் குத்திக்கொள்கிறார்கள். மூடாமல் அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். துணி துவைக்கும் லிக்விட் டப்பா, புரோட்டீன் பவுடர் டப்பா நன்றாக உதவும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி துளைத்து வெளியே வரும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டி, “ஊசி” என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு ஊசியையும் சிரிஞ்சையும் ஆபத்தான வீட்டுக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. காலையில் பேட்டரி வண்டியில் வரும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார். காய்கறித் தோலோடு கலந்த ஒரு ஊசி அவர் கையில் ஏறினால் மாதக்கணக்கில் பரிசோதனை, மருந்து, பயம். நீங்கள் சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியோ ரத்தப் பரிசோதனை லேபோ டப்பாவை வாங்கிக்கொள்ளுமா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். மருத்துவக் கழிவை எடுக்கும் வண்டி அவர்களுக்கு எப்படியும் வருகிறது. அப்படி வழி இல்லாவிட்டால் டப்பாவை மற்றக் குப்பையோடு போடாமல் பணியாளர் கையில் நேராகக் கொடுத்து, “இதுல ஊசி இருக்கு அண்ணா” என்று சொல்லிவிடுங்கள்.